இரட்டை வேடத்துக்கு நடுவே நிற்பவர்கள்: பழைய படங்களைத் தலைப்பு வைத்துப் பேசினால் என்ன தெரியும்?

பழைய தமிழ்ப் படங்களை விரும்பிப் பார்க்கிறவர்கள் நாலு பேர் ஒன்று சேர்ந்தால் பேச்சு பெரும்பாலும் நட்சத்திரத்தில்தான் ஆரம்பிக்கும். எம்.ஜி.ஆர். படமா, சிவாஜி படமா, ஜெமினி படமா. எது நூறு நாள் ஓடியது, எது வெள்ளிவிழா கண்டது. எந்தப் படம் எந்தத் தீபாவளிக்கு வந்தது. இந்தப் பேச்சுக்கு ஒரு சுகம் உண்டு. ஆனால் அதே நாலு பேரிடம் ஒரு தலைப்பைக் கொடுத்துப் பாருங்கள். இரட்டை வேடப் படங்கள், மருத்துவமனைக்குள்ளேயே நடக்கும் படங்கள், ஒரு காலத்தில் ஜோடியாக நடித்துவிட்டுப் பிறகு அம்மாவாக வந்தவர்கள், பாட்டே இல்லாத படங்கள் என்று ஏதாவது ஒன்று. ஆளுக்கு ஒரு படம், ஒரு நடிகர், ஒரு காட்சி என்று சொல்ல ஆரம்பித்தால், சிறிது நேரத்திலேயே பேச்சு யாரும் எதிர்பார்க்காத பெயர்களில் போய் நிற்கும். பண்டரிபாய், நம்பியார், பாலையா, வின்சென்ட்.

இது தற்செயலாக நடப்பதில்லை என்பது என் கருத்து. நட்சத்திர வரிசை எப்போதும் சுவரொட்டியின் மேல் பாதியை மட்டுமே காட்டும். தலைப்பு வைத்து அடுக்கும்போதுதான் கீழ்ப் பாதியில் சின்ன எழுத்தில் இருப்பவர்கள் மேலே வருகிறார்கள். பழைய தமிழ் சினிமாவைத் தாங்கிப் பிடித்தவர்களில் பெரும் பகுதியினர் அங்கேதான் இருக்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் உண்டு. பாட்டுகளைத் தலைப்பு வைத்துப் பிரிக்கும் பழக்கம் நமக்கு எப்போதோ வந்துவிட்டது. தாலாட்டு, தத்துவம், சோகம், டூயட் என்று பிரித்துத்தான் நாம் பழைய பாடல்களைப் பேசுகிறோம். கேசட் காலத்தில் ‘தத்துவப் பாடல்கள்’ என்று தனியாகவே விற்றது. இதற்கு வானொலிக்குப் பெரிய பங்கு உண்டு. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையை யாழ்ப்பாணத்திலும் கேட்டார்கள், இராமநாதபுரத்திலும் கேட்டார்கள்; மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் இரண்டு கரையிலும் வீட்டுக் குரல்கள். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’ போன்ற நிகழ்ச்சிகள் பாட்டைப் படத்திலிருந்தும் நாயகனிலிருந்தும் கழற்றி, தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ளப் பழக்கின. படங்களுக்கு மட்டும் அப்படி ஒரு பழக்கம் வேரூன்றவில்லை. ரசிகர் மன்றங்களும் அரசியலும் கலந்துவிட்ட 1950, 60களில் ஒரு படம் இன்னாருடைய படம் என்பதே முதல் அடையாளமாகிவிட்டது. அந்த அடையாளம் இன்னும் விலகவில்லை.

சரி, ஒரு தலைப்பை எடுத்து உள்ளே போய்ப் பார்ப்போம். இரட்டை வேடம்.

முதலில் வரும் பெயர் பி.யு. சின்னப்பா. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் டி.ஆர். சுந்தரம் எடுத்த ‘உத்தமபுத்திரன்’ (1940) தான் தமிழில் ஒரே நடிகர் இரண்டு வேடத்தில் வந்த முதல் படம். மூன்று வருடம் கழித்து ஜெமினி ஸ்டுடியோவின் ‘மங்கம்மா சபத’த்தில் ரஞ்சன் அப்பாவும் மகனுமாக வந்தார். 1949இல் அதே ஜெமினியின் ‘அபூர்வ சகோதரர்கள்’. ஒருவனுக்கு அடிபட்டால் இன்னொருவனுக்கு வலிக்கும் இரட்டையர்களாக எம்.கே. ராதா. 1958 இந்தத் தலைப்பின் பெரிய வருடம். சிவாஜியின் ‘உத்தமபுத்திர’னும், எம்.ஜி.ஆர். தாமே இயக்கிய முதல் படமான ‘நாடோடி மன்ன’னும் அந்த ஒரே ஆண்டில் வந்தன. இரண்டும் அரச கதை, இரண்டிலும் முகம் மாற்றி அரியணையில் ஏறுகிறார்கள். அப்புறம் ‘எங்க வீட்டுப் பிள்ளை’ (1965), ‘குடியிருந்த கோயில்’ (1968), மூன்று வேடத்தில் ‘தெய்வமகன்’ (1969), ஒன்பது வேடத்தில் ‘நவராத்திரி’ (1964). குட்டி பத்மினியை இரண்டாக்கிய ‘குழந்தையும் தெய்வமும்’ (1965), வாணிஸ்ரீயின் ‘வாணி ராணி’ (1974) ஆகியவற்றை யாராவது ஒருவர் கட்டாயம் நினைவுபடுத்துவார்.

இதுவரை எல்லோரும் சொல்லும் வரிசைதான். இந்தப் படங்களை அடுத்தடுத்துப் பார்க்கும்போது கண்ணில் படுவது வேறு.

அந்தக் காலத்தில் ஒரே ஆள் ஒரு சட்டத்துக்குள் (ஃபிரேமுக்குள்) இரண்டு பேராக எப்படி வந்தார்? இதை மாஸ்க் ஷாட் என்பார்கள். காமிராவை அசையாமல் இறுக்கி நிறுத்துவார்கள். லென்ஸின் முன்னால் ஒரு பாதியைக் கறுப்புத் தகட்டால் மறைத்துவிட்டு, நடிகர் திறந்திருக்கும் பாதியில் நின்று முதல் வேடத்தை நடித்து முடிப்பார். பிறகு ஃபிலிமை ஆரம்பித்த இடத்துக்கே பின்னோக்கிச் சுற்றுவார்கள். நடிகர் உடையும் ஒப்பனையும் மாற்றிக்கொண்டு வரும்வரை விளக்கையோ காமிராவையோ யாரும் தொடக் கூடாது. இப்போது மறு பாதியைத் திறந்து, முதல் பாதியை மறைத்து, அதே ஃபிலிமில் மறுபடி எடுப்பார்கள். இரண்டு பாதியும் சேரும் கோடு தெரியாமலிருக்க அந்த இடத்தில் ஒரு தூண், கதவு நிலை, திரைச்சீலை என ஏதாவது ஒன்றை வைப்பார்கள். பழைய இரட்டை வேடப் படத்தைப் பார்க்கும்போது நடுவே தூண் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். பல நேரம் கோடு அங்கேதான். நிழல் ஒரு பாதியிலிருந்து மறு பாதிக்குப் போனாலோ, கை கோட்டைத் தாண்டினாலோ அத்தனை உழைப்பும் வீண்.

இது செலவும் நேரமும் பிடிக்கும் வேலை என்பதால் ஒரு படத்தில் எல்லாக் காட்சியையும் இப்படி எடுக்க முடியாது. மற்ற இடங்களில் என்ன செய்வார்கள்? ஒரு வேடத்தின் முகத்தைக் காட்டும்போது, எதிரே முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு டூப் நிற்பார். இல்லையென்றால் இரண்டு வேடத்துக்கும் நடுவே மூன்றாவது ஆள் ஒருவரை நிறுத்துவார்கள். அந்த மூன்றாவது ஆள் இந்தப் பக்கம் பார்த்து ஒரு முகம், அந்தப் பக்கம் பார்த்து ஒரு முகம் காட்ட வேண்டும். அங்கே நிற்பது இரண்டு தனித்தனி மனிதர்கள் என்று நம்மை நம்பவைப்பது அவர்தான். நாயகன் நடையையும் குரலையும் மாற்றலாம். ஆனால் எதிரே இருப்பவர் இருவரையும் ஒரே மாதிரி பார்த்துவிட்டால் அந்த மாற்றம் நிற்காது.

அந்த மூன்றாவது ஆள் யார் யார் என்று எழுதிப் பார்த்தால் இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒருவர் எம்.என். நம்பியார். 1958 ‘உத்தமபுத்திர’னில் கெட்ட இளவரசனை வளர்க்கும் மாமன், ‘நாடோடி மன்ன’னில் சதிக்காரன், ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் சவுக்கோடு வரும் அத்தான், ‘குடியிருந்த கோயி’லிலும் அவரே. ‘எங்க வீட்டுப் பிள்ளை’யின் இரட்டையரில் கோழையான ராமுவை மிரட்டும் நம்பியார் எவ்வளவு பெரிய ஆளாகத் தெரிகிறாரோ, அதைப் பொறுத்துத்தான் துணிச்சலான இளங்கோவின் கையில் சவுக்கு மாறும்போது கொட்டகை எழுந்து நின்றது. அதே கதை தெலுங்கில் என்.டி. ராமாராவ் நடித்த ‘ராமுடு பீமுடு’ (1964), இந்தியில் திலீப் குமார் நடித்த ‘ராம் ஔர் ஷ்யாம்’ (1967). மூன்றையும் இயக்கியவர் சாணக்யா. தெலுங்கில் ராஜனாலா, தமிழில் நம்பியார், இந்தியில் பிரான் என்று வில்லன்களை மட்டும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரே பாத்திரத்தை மூன்று மொழி எப்படிப் பிடிக்கிறது என்பது புரியும். நாயகர்களை ஒப்பிட்டுச் சண்டை போடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

இன்னொருவர் பண்டரிபாய். ‘எங்க வீட்டுப் பிள்ளை’யில் கணவனுக்கும் தம்பிக்கும் இடையே தவிக்கும் அக்கா. ‘குடியிருந்த கோயி’லில் பிரிந்துபோன இரட்டையரின் அம்மா. ‘தெய்வமக’னில் ஒரு சிவாஜிக்கு மனைவி, மற்ற இரண்டு சிவாஜிக்கும் தாய். கணவனையும் செல்ல மகனையும் பார்க்கும்போது இருக்கிற கண்கள் வேறு. பிறந்ததிலிருந்து கண்ணில் காட்டப்படாத மகனின் பக்கம் திரும்பும்போது இருக்கிற கண்கள் வேறு. மூன்று பேரும் ஒரே நடிகர் என்பது நமக்குத் தெரியும். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அது மறந்துபோகிறது. ‘தெய்வமகன்’ ஆஸ்கருக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்ட முதல் தமிழ்ப் படம். அதைப் பற்றிப் பேசும் எல்லோரும் சிவாஜியைப் பற்றிப் பேசுகிறார்கள், பேச வேண்டியதுதான். பண்டரிபாய்க்கு ஒரு வரி கூடக் கிடைப்பதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

பண்டரிபாயைப் பிடித்துவிட்டால் அடுத்த தலைப்பு தானாகவே வருகிறது: ஜோடியாக நடித்துப் பிறகு அம்மாவானவர்கள். சிவாஜியின் முதல் படமான ‘பராசக்தி’யில் (1952) அவருக்கு ஜோடி பண்டரிபாய். பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படமான ‘அந்த நா’ளிலும் (1954) அவருடைய மனைவி. எஸ். பாலசந்தர் இயக்கிய அந்தப் படத்தில் நாட்டுப்பற்று மிக்க பெண்ணாக, கணவனை எதிர்த்து நிற்கும் பாத்திரம். அந்தக் காலத்து நாயகிகளில் அப்படி ஒரு வலுவான வேடம் அமைந்தவர்கள் குறைவு. அதே பண்டரிபாய் 1960களின் பாதிக்குள் திரையுலகின் அம்மாவாகிவிட்டார். எம்.வி. ராஜம்மாவும் அப்படித்தான். 1940 ‘உத்தமபுத்திர’னில் பி.யு. சின்னப்பாவுக்கு நாயகி, 1964 ‘கர்ண’னில் குந்தி. நாயகர்களுக்கு வயது ஏறவே இல்லை, உடன் நடித்த பெண்களுக்கு மட்டும் ஏறியது. இந்த அநியாயத்தைத் தனித்தனிப் படமாகப் பார்த்தால் உணர முடியாது. வருடத்தோடு வரிசைப்படுத்தும்போதுதான் உறைக்கும்.

மருத்துவமனை என்ற தலைப்பு இன்னொரு வகையில் உதவும். இங்கே இரண்டே படத்தை எடுத்துக்கொண்டாலும் போதும். ஸ்ரீதரின் ‘நெஞ்சில் ஓர் ஆலயம்’ (1962), கே. பாலசந்தர் இயக்கிய முதல் படமான ‘நீர்க்குமிழி’ (1965). இரண்டும் கிட்டத்தட்ட முழுக்க மருத்துவமனைக்குள்ளேயே நடக்கின்றன. ஒரே இடத்தில் கதையை நிறுத்தினால் இயக்குநருக்குச் செலவு குறையும், ஆனால் ஒளிந்துகொள்ள இடம் இருக்காது. ஸ்ரீதர் அதைக் காமிராவை வைத்துத் தீர்த்தார். ‘சொன்னது நீதானா’ பாட்டில் வின்சென்டின் காமிரா கட்டிலுக்கு அடியில் புகுந்து வெளியே வருவதை இன்றைக்கும் ஒளிப்பதிவு பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்துச் சொல்வார்கள். நாடகத்திலிருந்து வந்த பாலசந்தர் அதை வசனத்தாலும் நாகேஷாலும் தீர்த்தார். முதல் படத்தில் நாகேஷ் சிரிப்பு மூட்டும் மருத்துவமனைப் பணியாளர். மூன்று வருடம் கழித்து இரண்டாவது படத்தில் அவரே நோயாளி, அவரே நாயகன்; சிரிக்கவைத்துக்கொண்டே சாவை நோக்கிப் போகும் மனிதன். இந்த இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்தவர்கள் நாகேஷை வெறும் நகைச்சுவை நடிகர் என்று பிறகு எழுத மாட்டார்கள்.

டி.எஸ். பாலையாவுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த தலைப்பு அவரிடம்தான் இருக்கிறது: நன்றாகக் கேட்கத் தெரிந்த நடிகர்கள். பேசுவதை நடிப்பு என்று நாம் எளிதாக ஒப்புக்கொள்வோம். கேட்பதும் நடிப்புதான் என்பதற்குப் பாலையாவைவிடப் பெரிய சாட்சி தமிழில் இல்லை. 1936இல் ‘சதிலீலாவதி’யில் வில்லனாக வந்தவர் அவர். எம்.ஜி.ஆருக்கும் எம்.கே. ராதாவுக்கும் கூட அதுதான் முதல் படம். முப்பது வருடம் கழித்து வந்த மூன்று காட்சிகளை இப்படி அடுக்கிப் பாருங்கள்.

‘காதலிக்க நேரமில்லை’யில் (1964) நாகேஷ் பேய்க்கதை சொல்கிறார். வசனம் முழுக்க நாகேஷிடம். பாலையா உட்கார்ந்து கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் கதவு திறக்கும் சத்தத்தை நாகேஷ் வாயால் எழுப்பும்போது நாம் பார்ப்பது பாலையாவின் முகத்தை. பணக்காரத் தோரணை கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று, கடைசியில் பயந்த சின்னப் பையன் ஒருவன் அங்கே உட்கார்ந்திருக்கிறான். ‘திருவிளையாட’லில் (1965) பாலமுரளிகிருஷ்ணாவின் குரலில் ஆணவமாகப் பாடிய ஹேமநாத பாகவதர், ‘பாட்டும் நானே’யைக் கேட்கும்போது ஆணவம் உதிர்ந்து போவதும் அதே முகத்தில்தான். ‘தில்லானா மோகனாம்பா’ளில் (1968) ‘நலந்தானா’ பாட்டின்போது அவர் தவிலில் உட்கார்ந்திருக்கிறார். கையில் காயத்தோடு நாகஸ்வரம் வாசிக்கும் சண்முகசுந்தரத்தையும், ஆடிக்கொண்டே நலம் விசாரிக்கும் மோகனாவையும் மாறி மாறிப் பார்க்கிறார். தாளம் பிசகாமல் கண் மட்டும் கலங்குகிறது. ஒரு காட்சியில் பயம், அடுத்ததில் அவமானம், அடுத்ததில் பாசம். மூன்றிலும் அவர் செய்தது கேட்டது மட்டும். ‘டி.எஸ். பாலையா நடித்த படங்கள்’ என்று பட்டியல் போட்டிருந்தால் இந்த மூன்றும் பெரிய வரிசையில் மூன்று பெயர்களாக இருந்திருக்கும்.

இதனால்தான் தலைப்பைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும் என்கிறேன். ‘காதல் படங்கள்’ என்றால் எல்லாப் படமும் உள்ளே வந்துவிடும், யாருக்கும் ஒன்றும் புதிதாகத் தெரியாது. ‘தியாகம்’, ‘குடும்பம்’ ஆகியவையும் அப்படியே. தலைப்பு குறுகலாக, கையால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருக்க வேண்டும். ரயில், கடிதம், நாட்டியப் போட்டி, ஒரே செட், மாறுவேடம். நாட்டியப் போட்டி என்றதும் ‘வஞ்சிக்கோட்டை வாலிபன்’ (1958) வராமல் போகாது. வைஜெயந்திமாலாவும் பத்மினியும் உயிரைக் கொடுத்து ஆடிய அந்தக் காட்சியிலிருந்து இன்றுவரை தெருவில் புழங்குவது பி.எஸ். வீரப்பா சொன்ன ‘சபாஷ், சரியான போட்டி’தான். இங்கேயும் கேட்டவர், பார்த்தவர் பக்கம்தான் வெற்றி. மாறுவேடம் என்றால் மறுபடி நம்பியார்: ‘திகம்பர சாமியார்’ (1950) படத்தில் அவர்தான் நாயகன், வேடத்துக்கு மேல் வேடம்.

வருடத்தைச் சேர்த்துச் சொல்வதும் அவசியம். ‘உத்தமபுத்திரன்’ 1940லும் உண்டு, 1958லும் உண்டு. ‘அபூர்வ சகோதரர்கள்’ 1949லும் உண்டு, கமல்ஹாசன் நடித்து 1989லும் உண்டு. நாலுமே ஒரே ஆள் பல வேடம் போட்ட படங்கள் என்பதால் குழப்பம் இரட்டிப்பு. இன்றைக்கு இணையத்தில் சுற்றும் பல பிரதிகளில் டைட்டிலை வெட்டிவிடுகிறார்கள், துணை நடிகர்களின் பெயர் முதலில் போவது அங்கேதான். அப்போது உதவுபவை கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்கள், பிறகு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் போன்றவர்கள் வாழ்நாள் முழுக்கச் சேர்த்த விவரங்கள். தமிழின் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ (1931) பிரதியே நம்மிடம் இல்லை. இருக்கிற படங்களிலாவது யார் யார் நின்றார்கள் என்று எழுதி வைப்பது ரசிகர்கள் செய்யக்கூடிய வேலை, அதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

நடிகர்களோடு நிற்கவும் வேண்டாம். மேலே சொன்ன வெவ்வேறு தலைப்புகளுக்குள் ஒரு பெயர் சத்தமில்லாமல் வந்துபோகிறது. 1958 ‘உத்தமபுத்திர’னில் இரண்டு சிவாஜியை ஒரே சட்டத்துக்குள் நிறுத்தியவர், ‘நெஞ்சில் ஓர் ஆலய’த்தில் கட்டிலுக்கடியில் காமிராவைக் கொண்டு போனவர், ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவின் பயந்த முகத்தை வண்ணத்தில் பிடித்தவர், மூவரும் ஒரே ஆள்: ஏ. வின்சென்ட். ‘கல்யாண பரிசு’ (1959), ‘தேன் நிலவு’ (1961) படங்களுக்கும் அவரே ஒளிப்பதிவு. மலையாளத்துக்குப் போய் எழுத்தாளர் வைக்கம் முகமது பஷீரின் கதையை ‘பார்கவி நிலையம்’ (1964) என்று இயக்கியவரும் அவர்தான். அடுத்த முறை நாலு பேர் சேரும்போது, வின்சென்ட் என்று தலைப்பு கொடுத்து, 1958 ‘உத்தமபுத்திர’னின் ‘யாரடி நீ மோகினி’ பாட்டிலிருந்து ஆரம்பிக்கலாம்.